கத்திக்கு முன் ஓர் ஊசி போதும்

தமிழ்நாட்டில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும், மயக்க மருந்து நிபுணர்களுக்கும், தியேட்டரிலும் வார்டிலும் பணியாற்றும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்களிடம் வரும் பெண்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறது. இந்தியப் பெண்களிடம் இன்று மிக அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய்தான். 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சத்து 92 ஆயிரம் இந்தியப் பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் சென்னைப் பதிவேட்டில் ஒரு காலத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. மார்பகப் புற்றுநோய் அதை முந்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பெண்களில் பெரும்பாலோர் சிகிச்சையின் ஏதோ ஒரு கட்டத்தில் அறுவை மேசைக்கு வருகிறார்கள். கட்டி பெரிதான பிறகு வருபவர்கள் நம் ஊரில் அதிகம் என்பதால், மார்பை முழுதாக அகற்றி அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் எடுக்கும் பெரிய அறுவைதான் பலருக்கும் நடக்கிறது.

இந்த மடல் அந்த அறுவையின் ஒரு சிறு பகுதியைப் பற்றியது. புண்ணில் கிருமி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதைப் பற்றியது.

பல மருத்துவமனைகளில் வழக்கம் இப்படி இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வார்டிலேயே ஊசி போட்டு கேஸ் ஷீட்டில் நேரம் குறிக்கப்படுகிறது. லிஸ்டில் அந்தப் பெண் மூன்றாவது. முதல் கேஸ் இழுத்துவிட்டால் அவர் தோலில் கத்தி படும்போது மணி பன்னிரண்டு. அதற்குள் காலையில் போட்ட மருந்தின் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறியிருக்கும். அறுவை முடிந்த பிறகு வேறொரு கணக்கு தொடங்குகிறது. மூன்று நாள் ஊசி, வீட்டுக்குப் போகும்போது ஐந்து நாளுக்கோ ஏழு நாளுக்கோ மாத்திரை, டிரெயின் குழாய் இருந்தால் அதை எடுக்கும் வரை மாத்திரை. மருந்து தேவைப்படும் அந்த இரண்டு மூன்று மணிநேரம் உடலில் போதிய மருந்து இல்லை. தேவையே இல்லாத நாட்களுக்கு மருந்துச்சீட்டு நீள்கிறது.

இதைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். கத்தி படுவதற்குச் சற்று முன் சரியான மருந்து ஒருமுறை, தையல் போட்டு முடிந்ததும் நிறுத்தம். வழக்கமான மார்பக அறுவைக்கு இது போதும் என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலான ஆய்வுகள் துணை நிற்கின்றன.

முதலில் ஒரு நியாயமான ஐயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அறுவை வகைப்பாட்டில் மார்பக அறுவை ‘சுத்தமான’ வகையைச் சேர்ந்தது. குடலைத் திறப்பதில்லை, சீழைத் தொடுவதில்லை. இத்தகைய அறுவைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் புண்ணில் தொற்று வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படியானால் ஆன்டிபயாடிக்கே எதற்கு?

புற்றுநோய்க்கான மார்பக அறுவை இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. உலகெங்கும் வெளியான ஆய்வுகளில் தொற்று விகிதம் 3 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. காரணங்களை நீங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறீர்கள். மார்பை அகற்றும்போது தோலை மெல்லிய மடல்களாகப் பிரித்துத் தூக்குகிறீர்கள். அந்த மடல்களின் விளிம்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. உள்ளே பெரிய வெற்றிடம் உருவாகி அதில் நிணநீர் தேங்குகிறது. தோலைத் துளைத்து வைத்த குழாய் நாட்கணக்கில் அங்கேயே இருக்கிறது. தோலிலும் மயிர்க்கால்களிலும் பால் நாளங்களிலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளுக்கு இவையெல்லாம் சாதகம். இவற்றோடு சர்க்கரை நோய், உடற்பருமன், அறுவைக்கு முன்பே ஏற்றிய கீமோ ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

தொற்று வந்தால் டிரெஸ்ஸிங் மாற்றுவதோடு விஷயம் முடிவதில்லை. புண் ஆறாமல் கீமோவைத் தொடங்க முடியாது. ஊரில் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்லும் ரேடியேஷனும் தள்ளிப்போகும். கலிஃபோர்னியா மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 24,843 பெண்களின் தரவை எடுத்து ஆராய்ந்து 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. அறுவைக்குப் பின் 90 நாட்களைக் கடந்து கீமோ தொடங்கியவர்களுக்கு, ஒரு மாதத்துக்குள் தொடங்கியவர்களைவிட இறப்பு அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகையில் அந்த அபாயம் இன்னும் அதிகம். அந்தத் தாமதங்களுக்குத் தொற்று மட்டுமே காரணமில்லை. ஆனால் தாமதத்தைத் தரக்கூடிய காரணங்களில், உங்கள் கையாலேயே குறைக்க முடிந்த ஒன்று புண் தொற்று. அக்குளில் கணுக்களை எடுத்த பக்கத்தில் தொற்று வந்தால் கைவீக்கத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. கட்டுப் போட்டுக்கொள்ள வாரம் இருமுறை பஸ் ஏறி வரும் பெண்ணுக்கும், அவரோடு கூலியை விட்டுவிட்டு வரும் கணவருக்கோ மகளுக்கோ ஆகும் செலவு இத்தகைய ஆய்வுகளில் இடம்பெறுவதில்லை.

ஆன்டிபயாடிக் உண்மையிலேயே உதவுகிறதா என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் பிளாட். அவர் குழுவின் முடிவுகள் 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. குடலிறக்கம், மார்பகம் ஆகிய இரு அறுவைகளுக்கு வந்த 1,218 பேரில் பாதிப்பேருக்கு செஃபோனிசிட் என்ற ஆன்டிபயாடிக் ஒரு டோஸ், மீதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசி. மார்பக அறுவை செய்துகொண்டவர்களில் மருந்து பெற்ற 303 பேரில் 20 பேருக்கும், மருந்தில்லாத ஊசி பெற்ற 303 பேரில் 37 பேருக்கும் தொற்று வந்தது. அதாவது 6.6 சதவீதத்துக்கு எதிராக 12.2 சதவீதம்.

எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. பிலிப்பைன்ஸில் 254 பெண்களுக்கு மார்பை அகற்றும் அறுவைக்கு முன் செஃபசோலினோ மருந்தில்லாத ஊசியோ கொடுத்துப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. அதே ஆண்டு துருக்கியிலிருந்து வந்த ஆய்வோ, எடை கூடுதலாக உள்ள பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆம்பிசிலின்-சல்பாக்டம் ஒரு டோஸ் பெற்றவர்களில் 4.8 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 13.7 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் தரும் இப்படிப்பட்ட முடிவுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடுவதுதான் காக்ரேன் குழுவின் பணி. மார்பகப் புற்றுநோய் அறுவைக்கான அதன் தொகுப்பாய்வு 2006இல் தொடங்கி பலமுறை புதுப்பிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 ஆய்வுகள், 2,867 நோயாளிகள். அறுவைக்கு முன் ஆன்டிபயாடிக் பெற்றவர்களுக்குத் தொற்று அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மருந்தின்றி ஆயிரம் பேரில் 105 பேருக்கு வரும் தொற்று, மருந்தோடு 71 பேராகக் குறையும் என்பது அதன் கணக்கு. ஏறத்தாழ முப்பது பெண்களுக்கு ஊசி போட்டால் ஒருவர் தொற்றிலிருந்து தப்புகிறார். விலை மலிவான ஒரு மருந்திலிருந்து இதைவிடப் பெரிய பயன் எதிர்பார்ப்பதற்கில்லை.

அந்தத் தொகுப்பாய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மார்பை அகற்றியதோடு புதிய மார்பை அமைக்கும் மறுசீரமைப்பு அறுவைக்கு, குறிப்பாக சிலிகான் உறை வைக்கும் அறுவைக்கு, அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களைப் பற்றித் தனியான தரவு அதில் இல்லை. இந்த மடலும் மறுசீரமைப்பு இல்லாத அறுவையைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இனி நேரத்துக்கு வருவோம். இதற்கான விடை 1961லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பர்க், கினிப்பன்றிகளின் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும்போதே மருந்து திசுவில் இருந்தால், செத்த கிருமியைச் செலுத்தியபோது வரும் சிறு தடிப்பு அளவோடு புண் நின்றது. நேரம் தள்ளத் தள்ளப் பயன் குறைந்தது. மூன்று மணிநேரம் கழித்துக் கொடுத்த மருந்தும் கொடுக்காத மருந்தும் ஒன்றுதான். 1992இல் சால்ட் லேக் சிட்டியின் எல்.டி.எஸ். மருத்துவமனையில் 2,847 நோயாளிகளின் பதிவுகளை டேவிட் கிளாசன் குழு ஆராய்ந்தது. கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணிநேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் தொற்று 0.6 சதவீதம். இரண்டு மணிநேரத்துக்கும் முன்னதாகவே பெற்றவர்களில் 3.8 சதவீதம். அறுவை தொடங்கி மூன்று மணிநேரத்துக்கு மேல் கழித்துப் பெற்றவர்களில் 3.3 சதவீதம். மிக முந்தினாலும் பிந்தினாலும் இழப்பு கிட்டத்தட்ட ஒரே அளவு.

மருந்தியலும் இதையே சொல்கிறது. மார்பக அறுவைக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் செஃபசோலினின் அளவு ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. காலை ஆறு மணிக்குப் போட்டதில் பன்னிரண்டு மணிக்கு எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் வழிகாட்டு நெறிகள் கத்தி படுவதற்கு முந்தைய அறுபது நிமிடத்துக்குள் கொடுக்கச் சொல்கின்றன. பெரியவர்களுக்கு 2 கிராம், எடை 120 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் 3 கிராம். அறுவை நான்கு மணிநேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ். இவ்வளவுதான் கணக்கு.

இந்த ஊசி வார்டில் போடப்படுவதற்கு ஒரு காரணம் ‘டெஸ்ட் டோஸ்’. கையில் சிறிதளவு மருந்தைத் தோலுக்குள் ஏற்றிப் பார்த்துவிட்டு, தடிக்கவில்லை என்றால் முழு டோஸையும் அங்கேயே கொடுத்துவிடுவது எளிதாக இருக்கிறது. ஆனால் முன்பு ஒவ்வாமை எதுவும் வராத ஒருவருக்கு வழக்கமாகச் செய்யும் அந்தச் சோதனை, வரப்போகும் கடும் ஒவ்வாமையை நம்பகமாகக் காட்டித் தருவதில்லை. ‘இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதாம்மா, என்ன ஆயிற்று?’ என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வதே அதைவிடப் பயன் தரும். அரிதாக ஒவ்வாமை வந்தாலும், மானிட்டரும் அட்ரினலினும் மயக்க மருந்து நிபுணரும் அருகிலேயே இருக்கும் தியேட்டரைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. வென்ஃப்ளான் போட்ட பிறகு, மயக்கம் கொடுக்கும் வேளையில், மயக்க மருந்து நிபுணர் கையால் இந்த ஊசி போடப்படட்டும். யார் போடுவது என்பது எழுத்தில் இருந்தால் விட்டுப்போகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் இதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. கத்தியை எடுக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று, கடந்த அறுபது நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டதா என்று உரக்கக் கேட்க வேண்டும். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்து 2009இல் முடிவுகள் வெளியாயின. அறுவைப் புண் தொற்று 6.2 சதவீதத்திலிருந்து 3.4 ஆகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும் குறைந்தன. புதிய கருவி எதுவும் வாங்கப்படவில்லை. தியேட்டர் சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மூத்த அறுவை மருத்துவர் நின்று பதில் சொல்கிறாரா என்பதில்தான் அந்தப் பட்டியலின் உயிர் இருக்கிறது.

அடுத்தது நிறுத்துவது. இங்கேதான் தயக்கம் அதிகம், அந்தத் தயக்கத்தின் வேர் அக்கறை. குழாய் உள்ளே இருக்கிறது, அந்தப் பெண் கிராமத்துக்குப் போகிறார், வீட்டில் தண்ணீர் எப்படி, சுத்தம் எப்படி என்று தெரியாது, மாத்திரை இருந்தால் ஒரு காப்பு என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தக் காப்பை அந்த மாத்திரை தருவதில்லை. கிருமி புண்ணுக்குள் நுழைவது பெரும்பாலும் திறந்திருக்கும் நேரத்தில். தையல் போட்டு மூடிய பிறகு, வெட்டுப்பட்ட விளிம்பின் நுண்குழாய்கள் அடைபட்டு, தேங்கிய நீருக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேருவதில்லை. குழாய் வழியாகப் பின்னால் ஏறும் கிருமிகளோ, அந்த மருந்தைத் தாக்குப்பிடிப்பவையாக வடிகட்டி எடுக்கப்பட்டவையாக இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, அறுவை முடிந்த பிறகு தடுப்பு ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறது. குழாய் இருக்கிறது என்பதற்காகவும் தொடர வேண்டாம் என்று தனியாகக் குறிப்பிடுகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் சொன்னதும் அதேதான்: சுத்தமான அறுவையில் தையல் போட்ட பின், குழாய் இருந்தாலும், கூடுதல் டோஸ் தேவையில்லை. தொடர்ந்தால் பயனில்லை என்பதோடு கெடுதலும் உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதயம், எலும்பு, பெருங்குடல், ரத்தக்குழாய் அறுவைகள் செய்துகொண்ட 79,058 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், தடுப்பு மருந்தை நீட்டித்ததால் புண் தொற்று குறையவில்லை. மூன்று நாளுக்கு மேல் நீட்டித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகவும், கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றின் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கு மேலாகவும் உயர்ந்தன. அவை மார்பக அறுவைகள் இல்லைதான். ஆனால் கீமோவுக்குத் தயாராக வேண்டிய ஒரு பெண்ணின் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் இந்த எச்சரிக்கை கூடுதலாகவே பொருந்தும்.

சென்னைக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. 2010இல் என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுமக்கும், கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் எதிர்க்கும் கிருமிகளைப் பற்றி லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில், சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள் இடம்பெற்றன. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 2012 ஆகஸ்டில், இந்தியாவின் பல்வேறு மருத்துவச் சங்கங்கள் இதே நகரில் கூடி ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்கும் திட்டத்தை வகுத்தன. அதற்குப் பெயரே சென்னைப் பிரகடனம். ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் கிருமிகள் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் உயிர்களைப் பறித்ததாக லான்செட்டில் வெளியான கணக்கீடு சொல்கிறது. கீமோவில் வெள்ளையணுக்கள் குறைந்து காய்ச்சலோடு வரும் பெண்ணைக் காப்பாற்றுவது ஆன்டிபயாடிக்தான். மூன்று வாரத்துக்கு முன் டிரெயினுக்காகத் தேவையில்லாமல் கொடுத்த மாத்திரை, அன்று அவருக்கு வேலை செய்ய வேண்டிய மருந்தின் வலிமையைக் குறைக்கக்கூடும்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே பொறுப்பு உண்டு. ஸ்டாக்கில் இருக்கிறது, பழகிவிட்டது என்பதற்காக செஃப்ட்ரியாக்சோன் போடப்படுவதைப் பல இடங்களில் காணலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் செஃபசோலின் முதல்நிலையில் தாராளமாகப் பயன்படுத்தத்தக்க பிரிவிலும், செஃப்ட்ரியாக்சோன் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய பிரிவிலும் இருக்கின்றன. தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸைத் தடுக்க செஃபசோலினே பொருத்தமானது. அது இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. சப்ளையில் வரவில்லை என்றால் இன்டென்ட்டில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மெதிசிலினை எதிர்க்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஏற்கெனவே உடலில் இருப்பதாகத் தெரிந்தவர்கள், பீட்டா-லாக்டம் மருந்துகளால் உண்மையான கடும் ஒவ்வாமை வந்தவர்கள் ஆகியோருக்கு வேறு மருந்து தேவைப்படும். அவர்கள் விதிவிலக்குகள். விதிவிலக்கை எல்லோருக்குமான வழக்கமாக்க வேண்டியதில்லை.

தொற்று வந்துவிட்டால் அது வேறு கதை. அப்போது கொடுப்பது சிகிச்சை. சீழை எடுத்து கல்ச்சருக்கு அனுப்பி, வேண்டிய நாட்களுக்கு வேண்டிய மருந்தைக் கொடுத்தாக வேண்டும். தடுப்புக்கும் சிகிச்சைக்கும் இடையில் உள்ள கோட்டை கேஸ் ஷீட்டிலேயே தெளிவாக எழுதிவிட்டால், பணிமுறை மாறி வரும் ஹவுஸ் சர்ஜன் பழைய ஆர்டரை அப்படியே நகலெடுத்து நீட்டிக்க மாட்டார்.

மாத்திரையை நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்பச் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவை நன்கு நிறுவப்பட்டவை. ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 1867 ஜூனில், ஜோசப் லிஸ்டர் கிளாஸ்கோவில் தன் வீட்டிலேயே தன் சகோதரி இசபெல்லாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை செய்தார். கார்பாலிக் அமிலத்தால் கைகளையும் கருவிகளையும் புண்ணையும் கழுவிச் செய்த அந்த அறுவையின் புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. புற்றுநோய் பரவி அவர் இறந்தது சுமார் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த அறுவைக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1871இல், விக்டோரியா அரசியின் அக்குள் சீழ்க்கட்டியைத் திறந்த லிஸ்டர், அதில் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துச் சீழை வடியவிட்டார். நீங்கள் இன்று வைக்கும் டிரெயினின் முன்னோர்களில் ஒன்று அது. சுத்தமும் குழாய்ப் பராமரிப்பும் அன்று போலவே இன்றும் முதல் காப்பு.

அக்குள் முடியை முந்தின இரவே ரேஸரால் மழிக்க வேண்டாம். ரேஸர் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடுகிறது, அவற்றில் கிருமி பெருகுகிறது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் அறுவைக்குச் சற்று முன் கிளிப்பர் போதும். தோலைத் துடைக்க ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது முழுதாக உலர்ந்த பிறகே துணி விரித்து காட்டரியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சர்க்கரை அளவை அறுவைக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவருவது, அறுவை நடக்கும்போதும் கவனிப்பது, புகையிலைப் பழக்கம் இருந்தால் சில வாரங்களாவது நிறுத்தச் செய்வது ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

நோயாளியைக் கதகதப்பாக வைத்திருப்பதன் பயன் வியக்க வைக்கும். இங்கிலாந்தில் மார்பகம், குடலிறக்கம், சுருள் ரத்தநாளம் ஆகிய சுத்தமான அறுவைகளுக்கு வந்த 421 பேரிடம் நடத்தி 2001இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் அரை மணிநேரமாவது உடலைச் சூடேற்றியவர்களில் 5 சதவீதத்தினருக்கும், சூடேற்றாதவர்களில் 14 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. ஏ.சி. குளிரில் மெல்லிய பச்சைத் துணியோடு தியேட்டர் வாசலில் டிராலியில் காத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு கம்பளி போர்த்துங்கள். குளிர்ந்த தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும், ரத்தத்தோடு வர வேண்டிய ஆக்சிஜனும் வெள்ளையணுக்களும் மருந்தும் குறையும்.

டிரெயினைப் பற்றி அந்தப் பெண்ணுக்கும் வீட்டாருக்கும் வார்டு சிஸ்டர் ஒதுக்கும் பத்து நிமிடம் மிகவும் மதிப்புள்ளது. குழாயைத் தொடும் முன் சோப்பால் கை கழுவுவது, டப்பாவை எப்போதும் மார்புக்குக் கீழே வைப்பது, வெற்றிடம் போகாமல் அமுக்கி மூடுவது, தினமும் எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம் என்று எழுதுவது. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே குறைந்ததும் தள்ளிப்போடாமல் குழாயை எடுத்துவிடுங்கள். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கூடுதல் நாளும் கிருமிக்குத் திறந்த வழி.

‘ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதவே இல்லையே டாக்டர்?’ என்று வீட்டார் கேட்பார்கள். கேட்கட்டும். ‘மருந்தை ஆபரேஷனுக்கு முன்னாடியே போட்டாச்சும்மா. இனிமே கைச்சுத்தமும் இந்தக் குழாயைப் பார்த்துக்கிறதும்தான் மருந்து. சிவந்தாலோ, சுட்டாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்னிக்கே வாங்க’ என்று சொல்லி, ஒரு போன் எண்ணையும் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் புரியும். எதற்கென்று தெரியாத மாத்திரையைவிட, எப்போது வர வேண்டும் என்று தெரிந்திருப்பது அந்தப் பெண்ணுக்குப் பெரிய தைரியம்.

கடைசியாகக் கணக்கு. மார்பக அறுவைப் புண்ணின் மேலோட்டமான தொற்றை 30 நாள் வரையிலும், ஆழமான தொற்றை 90 நாள் வரையிலும் கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கண்காணிப்பு முறை. நம் நோயாளிகளோ சில நாட்களில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். திருவண்ணாமலையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்தவருக்கு இரண்டாம் வாரம் புண் சிவந்தால் பக்கத்து ஊர் டாக்டரைத்தான் பார்ப்பார், உங்கள் பதிவேட்டில் அவருக்குத் தொற்றே வரவில்லை. அந்தப் பதிவேட்டை நம்பி மாத்திரை வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது, நிறுத்தியதால் கெட்டது என்றும் சொல்ல முடியாது. முப்பதாம் நாள் ஒரு போன் செய்து நான்கு கேள்வி கேட்டு எழுதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால், உங்கள் வார்டின் உண்மையான எண் உங்கள் கையில் இருக்கும்.

எனவே உங்களிடம் கேட்பவை இவைதான். வரும் திங்கட்கிழமை லிஸ்டிலிருந்து முதல் ஊசியை வார்டிலிருந்து தியேட்டருக்கு மாற்றுங்கள். அதைப் போடும் பொறுப்பை மயக்க மருந்து நிபுணரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். மருந்து கொடுத்த நேரத்தையும் கத்தி பட்ட நேரத்தையும் ஒரே தாளில் அடுத்தடுத்துக் குறியுங்கள். மறுசீரமைப்பு இல்லாத, தொற்று இல்லாத ஒவ்வொரு கேஸிலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆன்டிபயாடிக் வரியை விட்டுவிடுங்கள். அடுத்த நூறு பெண்களை முப்பது நாள் வரை பின்தொடர்ந்து எண்ணுங்கள். அந்த எண்ணை, நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும், உங்கள் சங்கக் கூட்டத்தில் மற்ற மருத்துவமனைகளோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.